மதினி இல்லாத பத்து நாள்

பதினெட்டு நாற்காலி போட்டிருந்தேன். கம்பத்தில் எங்கள் ஆலயத்தை ஒட்டியிருந்த ஓட்டு ஹாலில், ஒரு சனிக்கிழமை மாலை, அரைவட்டமாக. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள். தாளில் அவரவர் பெயர், நடத்த வேண்டிய வகுப்பு, வர வேண்டிய நேரம். வர முடியாவிட்டால் இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் அடிக்கோடிட்டுச் சேர்த்திருந்தேன். குறித்த நேரம் தாண்டி அரை மணி ஆன பிறகு ஹாலில் என்னைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் போதகர் ஐயா. இன்னொருவர் என் அண்ணன் மனைவி. அவரும் கூட்டத்துக்கு வரவில்லை, மறுநாள் ஆராதனைக்காக ஹாலைப் பெருக்க வந்திருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்தன. மதினி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, முனை சேர்த்து அடுக்கி என் கையில் கொடுத்தார். அதற்குப் பதில் அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தாறு வயது, டெலிபோன் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிந்ததும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கேரள மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். பிற்பகல் கழிந்துதான் இறங்குவார்கள். பள்ளி நடக்கும்வரை பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை. மே மாதம் வந்தால் தெருத் தெருவாகப் பிள்ளைகள் தனியே கிடக்கும். அதற்கு இரண்டு கோடைக்கு முன்னால் இரண்டு சிறுமிகளை வாய்க்காலிலிருந்து உயிரோடு தூக்கி எடுத்தார்கள். ஒருத்தியைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் கக்க வைத்ததை நான் பார்த்தேன். அந்தப் பதற்றத்தில்தான் எங்கள் சபை, விடுமுறையில் பத்து நாள் வேதாகமப் பள்ளி நடத்துவது என்று முடிவெடுத்தது. காலையிலிருந்து ஜீப்புகள் திரும்பும்வரை பாட்டு, கதை, கைவேலை, மதியச் சாப்பாடு. எந்தச் சாமி கும்பிடும் வீட்டுப் பிள்ளையும் வரலாம். படித்தவன், ஒழுங்கானவன் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒழுங்கு என்னிடம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. முதல் வருடப் பள்ளியில் தாமதமாக வந்த வாலண்டியர்களின் பெயரைப் பிள்ளைகள் முன்னாலேயே வாசித்தேன். ஒரு தையல்காரர் இருந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. மெலிந்த, கூச்சமுள்ள மனிதர், பேச்சு திக்கும். அவரைக் கதை வகுப்பில் போட்டிருந்தேன். ஒரு சொல்லில் அவர் சிக்கிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து நான் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த சொல்லையும் முடித்தேன். பிறகு அவர் கையிலிருந்த பட அட்டையை வாங்கிக்கொண்டு, “நீங்க ஒக்காருங்க, நேரமாச்சு” என்றேன். அவர் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்கு நேரம் மிச்சமானதில் திருப்தி. அந்தப் பத்து நாள் முடிவதற்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த வருடத்துக்கு நான் கூட்டிய கூட்டம்தான் அந்த வெற்று நாற்காலிக் கூட்டம்.

மறுநாள் ஆராதனை முடிந்து போதகர் ஐயா, இனி இந்தப் பொறுப்பை மதினி பார்ப்பார் என்று அறிவித்தார். சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. மதினி எட்டாம் வகுப்போடு நின்றவர். மேடையேறி ஒரு ஜெபம்கூடச் செய்ததில்லை. எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்புக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிற வேலை அவருடையது. நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் மதினி என் வீட்டுக்கு வந்து என் வாலண்டியர் நோட்டைக் கேட்டார். வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரும்ப என்னிடமே நீட்டி, “எனக்கு ஒங்க எழுத்து ஓடாது தம்பி. ஒவ்வொரு பேரா வாசிங்க” என்றார். முதல் பெயரை வாசித்தேன்.

“இவுக வீட்டுல யாரு யாரு இருக்காக?”

தெரியவில்லை என்றேன். அடுத்த பெயர். அதே கேள்வி. பதினெட்டுப் பெயரும் வாசித்தேன். ஒருவர் வீட்டில்கூட யார் இருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் எந்த நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்று மட்டும் அத்தனை பேருக்கும் என்னிடம் கணக்கு இருந்தது. மதினி அதையும் குத்திக் காட்டவில்லை. “சரி, நாளையிலேருந்து போய்ப் பாப்போம். நீங்க பேச வேணாம். கூட வந்தாப் போதும்” என்றார்.

போனோம். மூன்று வாரம், வேலை முடிந்து வந்த களைப்போடு, வீடு வீடாக. நான் எதிர்பார்த்தது கெஞ்சலை. மதினி யாரையும் திரும்ப வரச் சொல்லவே இல்லை. ஒரு வீட்டில் மொச்சை உரித்துக் கொடுத்தார். ஒரு வீட்டில் படுக்கையில் இருந்த மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கக் கை கொடுத்தார். அந்த வீட்டு மருமகள்தான் முந்தின வருடம் ஏழு நாள் தாமதமாக வந்தவர். பெயரை நான் ஏழு முறை வாசித்திருந்தேன். வெளியே வந்ததும் என்னால் மதினி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாகத் தையல் கடை. என்னைக் கண்டதும் அவர் தலையைக் கவிழ்த்து மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். மதினி ஒரு ரவிக்கையைக் கொடுத்துக் கை பிரித்துத் தைக்கச் சொன்னார். பிறகு, எனக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், “அண்ணே, எங்க கொழுந்தனாரு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காக” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு வியர்த்துவிட்டது. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிச்சிருங்க என்ற சொல் இரண்டு மூன்று தடவை வந்தது. அவர் மிஷினை நிறுத்தினார்.

“வி... விடுங்க சார். எனக்கு வாசல்ல நிக்கிற வேல குடுத்தா வாறேன். பே... பேசுற வேல வேணாம்.”

அந்த மே மாதம் அவர் வாசலில் நின்றார். ஒரே வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அதன் தாய் எந்த ஜீப்பில் போகிறாள் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

எப்படி மதினி, என்று ஒருநாள் கேட்டேன். ஏலத்தோட்டத்து மண் ஒட்டியிருந்த காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஜீப்புல எடம் இருக்குன்னு தெருவுல நின்னு கத்துனா ஒருத்தியும் எட்டிப் பாக்க மாட்டா தம்பி. ‘ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன், நீ வந்தாத்தான் வண்டி கெளம்பும்’னு அவ வாசல்ல போய்ச் சொல்லணும். அப்ப சேலைய வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடியாருவா. அவுகவுகளுக்கு ஒரு எடம் வேணும். அம்புட்டுத்தான்.” ஆட்களை நடத்துவது பற்றி என் இலாகா எனக்கு மதுரையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறது. இவ்வளவு அதில் இல்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. வகுப்பு எதுவாயிருந்தாலும், நடத்துகிறவர் தடுமாறினால் மதினி குறுக்கே போக மாட்டார். கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையால் மறு கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நிற்பார். ஆனால் அடுப்பு மட்டும் விதிவிலக்கு. பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை அவர்தான் ஆக்குவார். யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. உதவிக்கு வந்தவர்களைக் காய் நறுக்கும் இடத்தோடு நிறுத்திவிடுவார். “நீங்களே சொன்னதுதானே மதினி, அவுகவுகளுக்கு ஒரு எடம்னு” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “சாம்பார்ல உப்பு கொறஞ்சா பிள்ளைக தின்னாது. அது வேற, இது வேற” என்று சண்டைக்கு வந்துவிட்டார். இப்படி ஏழெட்டு வருடம் போனது. வாலண்டியர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். அடுப்படியில் மதினி தனியாகவே நின்றார்.

பிறகு சிக்குன்குனியா வந்தது. அந்தக் காய்ச்சலை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்து நடந்தார்கள். பள்ளி தொடங்க மூன்று நாள் இருக்கும்போது மதினி படுத்துவிட்டார். விரல்கள் வீங்கித் தண்ணீர்ச் செம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வருடா வருடம் கதை சொல்லிவந்த ஓய்வுபெற்ற டீச்சரும் படுத்தார். வாலண்டியர்களில் மூன்றில் ஒரு பங்கு படுக்கையில். மீதிப் பேரைப் போதகர் ஐயா மாலையில் ஹாலுக்குக் கூப்பிட்டார்.

“இந்த வருசம் தள்ளி வச்சிருவோமா? யாரும் தப்பா நெனைக்க மாட்டாக” என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மதினி இல்லாமல் இது நடக்காது என்று எழுந்து சொல்லவும் செய்தேன்.

பின் வரிசையில் தையல்காரர் எழுந்தார். ஏழெட்டு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர். “பி... பிள்ளைக வரும் ஐயா” என்றார். “தள்ளி வச்சது அதுகளுக்குத் தெ... தெரியாது. வந்து வாசல்ல நிக்கும். நான் என்ன சொல்லி அ... அனுப்புவேன்?”

“கதை யாரு சொல்றது?” என்று போதகர் ஐயா கேட்டார்.

தையல்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். “மிஷின் ஓடுறப்ப எனக்கு அவ்வளவா தி... திக்காது. மிஷினக் கொண்டாந்தா நான் சொல்றேன்.”

சமையல் யார் என்ற கேள்விக்குப் பதில் அங்கே இல்லை. அது மறுநாள் காலை ஜீப்பிலிருந்து வந்தது. மதினியோடு மலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேர் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளாவது மலையேறாமல் நின்று முறை வைத்து ஆக்குவது என்று. அவர்களில் ஒருத்திகூட எங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. “எங்க பிள்ளைகளுக்கு நாங்க ஆக்க மாட்டமா? அக்கா ஆக்குறாகன்னு இல்ல, இத்தன வருசமா யாரும் கேக்கல, அதான் நாங்க வரல” என்று அவர்களில் மூத்தவள் சொன்னாள்.

முதல் நாள் காலையில் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து நாலு பேர் சேர்ந்து ஹாலுக்குள் இறக்கினோம். வாசல் வேலை எனக்கு. தையல்காரர் தன் நினைவிலிருந்து ஒப்பித்த பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போனபின் ஹால் கதவோரம் போய் நின்றேன்.

அவர் எடுத்துக்கொண்டது, வயதான தகப்பன் ஒருவர் தன் பிரியமான மகனுக்குப் பலநிற அங்கி கொடுத்ததும், அதைப் பார்த்த அண்ணன்மார் பொறாமைப்பட்டதுமான வேதக் கதை. கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளை ஒரு சாக்கில் கொண்டுவந்திருந்தார். பள்ளிச் சீருடையின் நீலம், பாவாடைச் சிவப்பு, பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்ததில் மிஞ்சிய பச்சைச் சரிகை. மிஷினை மிதித்தார். ஊசி தடதடக்க, அந்தத் தாளத்தின் மேல் ஏறிக்கொண்டு பேச்சு வந்தது. என்னால் நம்ப முடியவில்லை. திக்காத குரல், நிதானமான, கொஞ்சம் குறும்பான குரல். துண்டோடு துண்டை இணைத்து அங்கியை உண்மையிலேயே தைத்துக்கொண்டு சொன்னார். பாதியில் நூல் அறுந்தது. மிஷின் நின்றது. பேச்சும் நின்றது. “அந்த அ... அ...” என்று சிக்கிக்கொண்டார்.

முன் வரிசையில் ஒரு சிறுமி கத்தினாள்: “அண்ணங்காரன்!”

பல வருடம் முன்னால் இதே ஹாலில் நான் செய்ததுதான் அது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்து சிரித்தார். “அ... அவனேதான்! எப்படித்தா கண்டுபுடிச்ச? சரி, அவன் என்ன செஞ்சான்?” பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் நிதானமாக ஊசியில் நூல் கோத்தார். அதற்குப் பிறகு வேண்டுமென்றே நிறுத்த ஆரம்பித்தார். அவர் நிறுத்தும் இடமெல்லாம் பிள்ளைகள் சொல்லைப் போட்டு நிரப்பினார்கள். ஹால் அதிர்ந்தது. நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து துண்டுத் துணி கொண்டுவரத் தொடங்கினார்கள். அம்மாவின் பழைய சேலை முந்தானை, அப்பாவின் லுங்கி ஓரம், தம்பியின் கிழிந்த சட்டை. அங்கி வளர்ந்துகொண்டே போனது. கதையும் முடிகிற வழியாயில்லை. ஒரு நாள் கதையை அவர் பத்து நாளுக்கு இழுத்தார்.

ஒவ்வொரு நாளும் மாலையில் மதினியிடம் போய்ச் சொல்வேன். முதல் நாள் கேள்வி மேல் கேள்வி. எத்தனை பிள்ளைக? யாரு ஒலை வச்சது? உப்பு யாரு பாத்தாக? அவர்கள் ஆக்கிய சாம்பாரைப் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள் என்றேன். மதினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. உடம்பு வலியா என்றேன். “வலிதான். வேற வலி. இம்புட்டு நாளா அவளுகள வெளியவே நிறுத்தி வச்சிருந்திருக்கேனே தம்பி” என்றார். இரண்டாம் நாள் கேள்விகள் குறைந்தன. ஐந்தாம் நாள் பள்ளியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, “அண்ணன்மாரு அந்தப் பயலக் குழிக்குள்ள எறக்கிட்டாகளா? என்ன ஆச்சு?” என்றார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர். அந்தக் கதை அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தத் தையல்காரர் எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, தெருவை அடி அடியாகக் கடந்து மதினி பள்ளிக்கு வந்தார். கடைசி நாள் என்பதால் நான் உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் உத்தமபாளையத்திலிருந்து அந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்த கல்லூரிப் பெண். அவளுக்கு மதினியைத் தெரியாது.

“எந்தப் பிள்ளையக் கூப்புட வந்தீக? பேரு சொல்லுங்க” என்று கேட்டாள். நான் ஓடினேன். மதினி என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

“பிள்ளை இல்லத்தா. சும்மா பாக்க வந்தேன்.”

“சும்மா நிக்க முடியாதும்மா, இங்கன வந்தா எல்லாருக்கும் வேல உண்டு” என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் அதிகாரமாகவே. பிறகு வீங்கிய விரல்களைக் கவனித்துக் குரல் இறங்கியது. “கை வலிக்குமோ? அப்ப நெழல்ல ஒக்காந்து, தண்ணி குடிக்க வாற பிள்ளைகளுக்கு டம்ளர் மட்டும் எடுத்துக் குடுக்கிறீகளா?”

“குடுக்கிறேன்த்தா” என்றார் மதினி. அத்தனை பணிவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வேப்ப மரத்தடியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் சேர்த்து ஒவ்வொரு டம்ளராக எடுத்துக் கொடுத்தார்.

அன்று கதை முடிந்தது. பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள், தகப்பன் மகனைக் கண்டார். தையல்காரர் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, அங்கியை உதறி விரித்தார். ஒரு ஆளுக்குப் பெரியது அது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு, தரையில் இழுபட ஹாலைச் சுற்றி வந்தார்கள். அதற்குள் ஜீப்புகள் வந்துவிட்டன. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள், தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் ஜன்னல்களில் நெருக்கி நின்றார்கள். “ஏலே, அந்தா என் கல்யாணச் சேலைத் துண்டு!” என்று ஒருத்தி கூவினாள். ஜன்னலுக்கு ஜன்னல் கைதட்டல். கடைசி நாளுக்காக மலையேறாமல் நின்ற ஆறு பேரும் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்கள். தையல்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். மதினி மரத்தடியிலிருந்து நகரவில்லை. அங்கிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணனிடம், “என்னைய யாருன்னே தெரியலங்க அந்தப் புள்ளைக்கு! சும்மா நிக்கக் கூடாதுன்னுட்டா!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்து நாளுக்கு மேல் காய்ச்சலில் கிடந்தவர் முகமா அது!

அடுத்த வருடம் மதினி பொறுப்பைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, இனி என்னைத் தேட மாட்டார்கள் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பத்து நாள் பள்ளி நாளடைவில் மே மாதம் முழுவதும் நடக்கும் பள்ளியானது. அந்த வாய்க்காலில் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது மதினி பழனிசெட்டிபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். மழைக்காலத்தில் விரல் மூட்டு இன்னும் வலிக்கிறது என்பார். நானும் ஓய்வு பெற்று அல்லிநகரத்துக்கு வந்துவிட்டேன். பல கை மாறிவிட்ட பள்ளியை இப்போது நடத்துவது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. போன மே மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு நடை கம்பம் போய்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். போனால் வாசலிலேயே நீங்கள் யார் என்று கேட்பார்கள் என்றும் சொன்னேன்.

மதினி அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“கேக்கட்டும் தம்பி. ஏதாச்சும் வேல குடுப்பாக. வாங்க, பஸ்ஸு போயிரும்.”